பன்னிரண்டாம் பந்தி

நவம்பர் 10, திங்கள்

காலை பத்து மணிக்குள் பதினான்கு மண்டபங்களிலிருந்து போன். பதினான்கு பேரும் கேட்டது ஒரே கேள்வி. "சுத்திக்கினே இருக்குதே, வேல செய்யுதா, செத்துப் போச்சா?"

நியாயமான கேள்வி. எனக்கும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

நாங்கள் விற்பது கல்யாண மண்டபங்களுக்கான மென்பொருள். பெயர் 'மணநாள்'. எந்தத் தேதியில் யாருக்கு மண்டபம் என்று பதிந்து வைக்கும். ஒரே நாளை இரண்டு வீட்டுக்குக் கொடுத்து அடிதடி ஆகாமல் பார்த்துக்கொள்ளும். திருவண்ணாமலை மாவட்டம் முழுக்க நாற்பத்தொரு மண்டபம். அடுத்த தமிழ் ஆண்டின் முகூர்த்த நாட்களைச் சேர்த்து வருஷத்துக்கு ஒரு முறை அப்டேட் அனுப்புவோம். இந்த வருஷம் அது தொண்ணூற்றாறு எம்பி. சென்னையில் ஒரு நிமிஷ வேலை. இங்கே பாதி மண்டபங்களில் மேனேஜரின் போன்தான் நெட். அதை ஜன்னல் கம்பியில் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இழுக்கிறார்கள்.

அப்டேட்டரை எழுதியது நான். திரையில் ஒரு வட்டம் சுற்றும், அவ்வளவுதான். நான்கு மணி நேரம் ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார, எங்கள் ஆபீசுக்குக் கீழே கஃபேயில் கண்மூடித் தியானத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்களால் முடியும். கீழ்பென்னாத்தூரில் முடியாது.

மாலையில் முதலாளி சகாதேவன் சார் கூப்பிட்டார். "கவிநிலா, போகிக்குள்ள நாப்பத்தொண்ணும் முடியணும். தை பொறந்தா ஜனங்க சித்திரைக்கும் ஆவணிக்கும் தேதி கேட்டு வந்துடுவாங்க. முடியலன்னா அப்டேட்டர் வேலைய சென்னைல குடுத்துடறேன். நீ பென்டிரைவ் எடுத்துக்கினு மண்டபம் மண்டபமா போய் ஏத்து."

எம்.சி.ஏ. படித்தது ஸ்கூட்டியில் பென்டிரைவ் டெலிவரி செய்யவா? முடியும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

நவம்பர் 11, செவ்வாய்

வட்டத்தைத் தூக்கிவிட்டேன். சனியன் ஒழிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

புதிய திரை தயார். நீளமாக ஒரு பட்டை, அது நிரம்பிக்கொண்டே வரும். கீழே எழுத்து: 'பதிவிறக்கம்: 34%. மீதம்: 52 நிமிடம்.' எவ்வளவு அழகு! நானே பத்து முறை ஓட்டிப் பார்த்தேன்.

பக்கத்து மேஜை பாலாஜிக்குத்தான் பொறுக்கவில்லை. வாடிக்கையாளர் போன்களை எடுப்பது அவன் வேலை. "டவுன்லோடுன்னே போட்டுடு கவி. எல்லாருக்கும் புரியும்" என்றான். கல்லூரித் தமிழ் மன்றச் செயலாளரிடம் சொல்கிற பேச்சா இது? பதிவிறக்கம் எப்பேர்ப்பட்ட சொல், எவ்வளவு தெளிவு என்று கால் மணி நேரம் பேசினேன். கேட்டுவிட்டு, "சரி போடு. போன் எனக்குத்தான வரப்போகுது" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

நவம்பர் 18, செவ்வாய்

நாற்பத்தொன்றில் ஒன்பது முடிந்தது.

மீதியில் ஒரு மண்டபம் மட்டும் விசித்திரமாக இருக்கிறது. கீழ்பென்னாத்தூர். தினமும் காலையில் அப்டேட் ஆரம்பிக்கிறது, பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் கம்ப்யூட்டரே அணைந்துவிடுகிறது. நான்கு நாளில் ஐந்து முறை. பாதியில் அணைந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் வர வேண்டும். மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் உண்ணாமலை அக்கா. போன் செய்தேன்.

"அக்கா, அப்டேட் ஏன் நின்னு நின்னு போவுதுன்னு தெரியுதா?"

"நீ கவலப்படாதம்மா. நான் இருக்கேன் இல்ல? ஒண்ணும் போவாம பாத்துக்குறேன்."

என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை. ஆனால் இவ்வளவு அன்பான வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை. கரண்ட் பிரச்சினை என்று குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன்

இன்று வந்த புகார் எல்லாம் ஒரே ரகம். "தொண்ணூத்தொம்போதுல நின்னுடுச்சுங்க." எல்லாம் வந்து இறங்கிய பிறகு பிரித்து வைக்கக் கால் மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில் பட்டை தொண்ணூற்றொன்பதில் நிற்கும். நான் எழுதியதுதான். கால் மணி பொறுக்க மாட்டார்களா? மாட்டார்கள். ஏழு பேர் அணைத்துவிட்டார்கள். ஏழும் மறுபடி பூஜ்யம்.

பாலாஜி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

கோயிலில் தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. எனக்கு ஒரு யோசனையும் ஏறியது.

சதவீதம் யாருக்கு வேண்டும்? இந்த ஊர்க்காரர்களுக்குக் கிரிவலம் தெரியும். பதினான்கு கிலோமீட்டரில் எந்த லிங்கம் வந்தால் எவ்வளவு தூரம் பாக்கி என்று காலே சொல்லும். ஆகவே திரை நடுவில் மலை, சுற்றிலும் எட்டு லிங்கம், ஒரு மனிதன் நடந்துபோகிறான். 'யம லிங்கம் தாண்டியாச்சு' என்று எழுத்து வரும். அரை நாளில் செய்து முடித்தேன். கண்ணில் தண்ணீர் வராத குறை.

பாலாஜி பார்த்தான். "கவி, நீ எந்த ஊரு?"

"திருவண்ணாமலை. ஏன்?"

"ஆளு இடப்பக்கமா சுத்துறான் பாரு."

ஐயோ. ஐயையோ. கிரிவலத்தை எதிர்த்திசையில் நடத்தியிருக்கிறேன். இந்த ஊரில் பிறந்து இந்த ஊரில் வளர்ந்து... அம்மாவுக்குத் தெரிந்தால் சோறு கிடையாது. அவசரமாகத் திருப்பினேன்.

நவம்பர் 26, புதன்

அடி அண்ணாமலை மண்டபத்துக்கு மட்டும் சோதனைக்கு அனுப்பினேன். உரிமையாளர் மண்ணாங்கட்டி ஐயா. கிரிவலப் பாதையிலேயே வீடு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுற்றுகிறவர். அவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது.

மதியம் போன். முதல் புகார்: "ஆளு செருப்பு போட்டுக்கினு நடக்குறாம்மா." பெரிதாக்கிப் பார்த்தேன். ஷூ. நெட்டில் எடுத்த படம்.

இரண்டாவது புகார்தான் உயிரை எடுத்தது. "நல்லாதாம்மா போயிட்டு இருந்துது. ஈசான்யம் வரைக்கும் வந்துட்டான். திடீர்னு பாத்தா கிளம்புன எடத்துலயே நிக்குறான். எல்லாம் மொதல்ல இருந்து வரணும்னு நிறுத்திட்டேன்."

முடிந்துவிட்டது ஐயா, அதுதான் முடிவு, சுற்றி வந்தால் கிளம்பிய இடத்துக்குத்தானே வர வேண்டும்! இதையெல்லாம் மனசுக்குள் கத்தினேன். வாயில், சரி ஐயா, பார்க்கிறேன் என்றேன்.

விஷயம் சகாதேவன் சார் காதுக்குப் போனது. "நாப்பத்தொண்ணுல மூணு சர்ச் ஹால், ரெண்டு ஷாதி மஹால் இருக்குது. அவங்கள எந்த லிங்கத்துல நிறுத்தப் போற?" மலையையும் மனிதனையும் எடுத்துவிட்டுப் பழைய பட்டையையே போட்டேன். பாக்கி இருபத்து மூன்று மண்டபம்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஊரில் கால் வைக்க இடமில்லை. வந்த லட்சம் பேரும் கையில் போனோடு வந்திருக்கிறார்கள். ஆபீசிலேயே நெட் ஊர்கிறது.

மண்ணாங்கட்டி ஐயா கூப்பிட்டார். குரலில் கிண்டல் வழிந்தது. "மீதம் நாப்பத்தேழு நாளுன்னு காட்டுதும்மா. ஒரு மண்டலத்துக்கு ஒரு நாளுதான் கம்மி. மால போட்டுக்கட்டுமா?"

மெதுவாக வந்தால் மீதி நேரம் ஏறிக்கொண்டே போகும் என்று விளக்கினேன். "அப்ப மூணு நிமிசம்னு காட்டுனப்ப நெசமா மூணு நிமிசமா?" இல்லை ஐயா. "பின்ன எதுக்குமா காட்டுற?"

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

டிசம்பர் 3, புதன்

மலை மேல் தீபம் ஏறியது. மொட்டை மாடியில் நின்று கும்பிட்டேன். அப்டேட்டரைப் பற்றி எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் வேண்டிக்கொண்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

பதினெட்டு மண்டபத்திலேயே நிற்கிறது. இரண்டு வாரமாக ஒன்றுகூட ஏறவில்லை. சென்னைக் கம்பெனியிலிருந்து சாருக்கு விலைப்பட்டியல் வந்திருக்கிறதாம், பாலாஜி சொன்னான். சாதாரணமாகச் சொல்ல முயன்றான், பாவம்.

கீழ்பென்னாத்தூர் இன்னும் பன்னிரண்டு சதவீதத்தில் செத்துக்கொண்டிருக்கிறது. புதன்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்துவிடப்போகிறேன்.

டிசம்பர் 10, புதன்

எங்கிருந்து எழுதுவது?

காலை பத்தரைக்குக் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தில் கல்யாணம், கூட்டம், மேளம். வாசலை ஒட்டின சின்ன அறைதான் ஆபீஸ். உண்ணாமலை அக்காவை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். என்னை விட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் சாவிக்கொத்து, ஒரு கையில் போன். "நீதான் கவியா? குரலுக்கு ஆளு சின்னதா இருக்கியே" என்றார்.

அப்டேட்டை ஓட்டச் சொன்னேன். போனை ஜன்னலில் வைத்தார், ஆரம்பித்தார். பட்டை நகர்ந்தது. ஐந்து. எட்டு. பத்து. கரண்ட் இருக்கிறது, நெட் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. பன்னிரண்டு என்று வந்ததும் அக்கா குனிந்து, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். என் கண் முன்னால்!

"அக்கா! என்ன பண்றீங்க?"

"இன்னா பண்றேனா? பாத்துக்கினுதான இருந்த? பன்னண்டு பதிவு எறங்கிடுச்சி. வுட்டா நூறும் போயிடும்."

எனக்குப் புரியவில்லை. அவர் சாவிக்கொத்தால் இருட்டுத் திரையைத் தட்டிச் சொன்னார். "பதிவு. எறக்கம். நீங்கதான போட்டிருக்கீங்க? நான் இங்க நூத்திச் சொச்சம் பதிவு வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் ஒருத்தர் ஊட்டுக் கல்யாணம். அத்த ஒண்ணு ஒண்ணா எறக்குது உங்க மெசினு. நான் ஒம்போது தபா பிடுங்கிக் காப்பாத்தி இருக்கேன், தெரியுமா?"

பதிவு இறக்கம்.

நான் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மண்டபக்காரர்களுக்குப் பதிவு என்றால் வேறென்ன? வாரத்துக்கு ஐம்பது முறை அவர்கள் வாயில் வரும் சொல். அது இறங்குகிறது, பன்னிரண்டு இறங்கிவிட்டது என்று ஒரு திரை சொன்னால் நானாக இருந்தாலும் பிடுங்கியிருப்பேன். இவர் ஒரு மாதமாக என் அப்டேட்டரிடமிருந்து என் மென்பொருளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்கு அர்த்தம் அது இல்லைக்கா, டவுன்லோடு என்று முனகினேன்.

"அப்ப டவுன்லோடுன்னு போட வேண்டியதுதான? தமிழ்ல போட்டிருக்க, தமிழ்லதான் படிச்சேன்."

தமிழ் மன்றச் செயலாளர் வாயை மூடிக்கொண்டாள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, எழுந்துரு. மொதல்ல போயி சாப்புடு" என்று பின்னால் அனுப்பினார்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் எக்கச்சக்கக் கூட்டம். சற்று நேரத்தில் அக்காவே அங்கே வந்து நின்றுகொண்டார். "மூணாம் பந்தி உக்காந்தாச்சு, பாயசம் போயிட்டு இருக்குது. நாலாம் பந்திக்கு நூறு எல. இது வரைக்கும் நிக்குறவங்க நாலு. உங்களுக்குப் பின்னால அஞ்சு. அஞ்சாம் பந்திக்காரங்க போயி பொண்ணு மாப்பிள்ளையோட போட்டோ எடுத்துக்கினு வாங்க." ஒருவர்கூட முண்டவில்லை. நான் ஐந்து. சொன்னபடி போய் முன்பின் தெரியாத பொண்ணு மாப்பிள்ளையோடு போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

ஐம்பது நிமிஷம் காத்திருந்திருக்கிறேன். இலை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் மணியைப் பார்த்தேன். நான் யார்? ஏடிஎம் வரிசையில் முன்னால் நிற்பவரின் பிடரியை முறைக்கிறவள். ஐம்பது நிமிஷத்தில் யார் மீதும் எரிந்து விழவில்லை. ஏன்?

சாம்பாரோடு கை அப்படியே நின்றுவிட்டது. பரிமாறுகிறவர், "ஏம்மா, காரமா?" என்று கேட்டார்.

டிசம்பர் 11, வியாழன்

பந்தி! பந்தி! பந்தி!

அக்கா ஒருவரிடமும் இத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை. இத்தனை நிமிஷம் என்று ஜோசியமும் சொல்லவில்லை. எது முடிந்தது, எது நடக்கிறது, உன் முறை எது. அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட்டு எழுந்த பந்தியை யாரும் மறுபடி உட்கார வைப்பதும் இல்லை. என் அப்டேட்டர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. எழுபது சதவீதத்தில் கரண்ட் போனால் எல்லாரையும் எழுப்பி, முதல் பந்தியிலிருந்து மறுபடி இலை போடுகிறது. அடிப்பாவி கவிநிலா!

ஆகவே தொண்ணூற்றாறு எம்பியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டப்போகிறேன். ஒரு துண்டு ஒரு பந்தி. முழுதாக வந்து சேர்ந்த துண்டைப் பூட்டி வைத்துவிட வேண்டும். ஒயரைப் பிடுங்கினாலும் அது போகாது.

டிசம்பர் 15, திங்கள்

நான்கு நாளாக வீட்டிலும் ஆபீசிலும் இதே வேலை. காட்டினேன்.

"இது சாஃப்ட்வேரா சமையக்கட்டா?" என்றார் சகாதேவன் சார். பிறகு அவரே, "ஷாதி மஹால்காரங்க இன்னா சொல்வாங்க?" பாலாஜி நாற்காலியைத் திருப்பாமலே சொன்னான்: "போன் பண்ணிக் கேட்டுட்டேன் சார். எங்க ஊட்லயும் பந்திதாம்பான்னு சொன்னாங்க. சர்ச் ஹால்லயும் கேட்டேன். அவங்களுக்கும் பந்திதான்."

நான் கேட்கச் சொல்லவில்லை. அவனாகவே கேட்டிருக்கிறான். பழைய சண்டைகளில் பாதியை மன்னித்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

உண்ணாமலை அக்காவுக்குப் போனில் திரையை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். மார்கழியில் கல்யாணம் இல்லையே, மண்டபத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே கேட்டார். பாராட்டை எதிர்பார்த்தது என் தவறு.

'8 எம்பியில் 5 எம்பி வந்தது' என்ற வரிக்கு: "எம்பின்னா எவ்ளோன்னு எனக்கு எப்டி தெரியும்? பந்தின்னு சொல்லிட்டு அப்புறம் எம்பின்றியே. எலைன்னு சொல்லு. பந்திக்கு நூறு எல." ஆக, சதவீதம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. பரவாயில்லை, அதற்கு இப்போது இலை போட்டாயிற்று.

'தயவுசெய்து அணைக்காதீர்கள்' என்ற வரிக்கு: "அணைச்சா இன்னா ஆவும்? அத்த சொல்லு. நான் முடிவு பண்ணிக்குறேன்."

இப்போது திரையில் இப்படி வரும்:

'புது முகூர்த்த நாட்கள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் கல்யாணப் பதிவுகளில் கை வைக்கவில்லை. மொத்தம் 12 பந்தி. 3 முடிந்தது. நான்காம் பந்தி நடக்கிறது, 62 இலை ஆயிற்று. கரண்ட் போனாலும், நீங்களே பிடுங்கினாலும், முடிந்த பந்தி முடிந்ததுதான். நடக்கிற பந்தியைப் பாதியில் நிறுத்தினால் அது மட்டும் முதல் இலையிலிருந்து வரும்.'

நெட் நின்றுவிட்டால்: 'பரிமாற ஆள் வரவில்லை, காத்திருக்கிறோம்.' பன்னிரண்டும் வந்து பிரித்து வைக்கிற நேரத்தில்: 'பந்தி முடிந்தது, இலை எடுக்கிறோம். கால் மணி ஆகும்.' தொண்ணூற்றொன்பது என்ற எண்ணே எங்கும் கிடையாது. மீதி நேரமும் கிடையாது. பதிவிறக்கம் என்ற சொல் இருந்த இடம் தெரியவில்லை. கொஞ்சம் வலித்தது.

டிசம்பர் 22, திங்கள்

அனுப்பிவிட்டேன். பாக்கி இருந்த இருபத்து மூன்று மண்டபத்துக்கும்.

டிசம்பர் 24, புதன்

முப்பது! பாலாஜியின் போன் காலையிலிருந்து மூன்று முறைதான் அடித்தது. அதில் ஒன்று அவன் அம்மா.

டிசம்பர் 30, செவ்வாய்

முப்பத்தேழு. மண்ணாங்கட்டி ஐயா முடித்துவிட்டார். "எட்டாம் பந்தி நேரத்துல கரண்டு போச்சும்மா. சரி, கையக் கழுவிட்டு வரட்டும்னு வுட்டுட்டேன். வந்ததும் ஒக்காந்துகிச்சு" என்றார். நாற்பத்தேழு நாள் கிண்டல் செய்த மனிதர்! நல்ல வார்த்தைதானே என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

நாற்பது.

பாக்கி ஒன்று. எது? வேறு எது, கீழ்பென்னாத்தூர்தான்.

இந்த முறை அக்கா பிடுங்கவில்லை. அந்தப் பக்கத்து டவரில் ஏதோ வேலை நடக்கிறதாம். சிக்னல் வருகிறது, போகிறது. ஒரு பந்திக்கு ஒரு பகல் முழுதும் ஆகிறது. சாயங்காலம் எண்பது இலை, எண்பத்தைந்து இலை என்று இருக்கும்போது மணி ஆறாகிவிடும். அக்கா கம்ப்யூட்டரை அணைத்து, மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு போனோடு வீட்டுக்குப் போய்விடுவார். நெட்டும் கூடவே போய்விடும். மறுநாள் அந்தப் பந்திக்கு மறுபடி முதல் இலை. எட்டு எம்பிக்குப் பதில் இரண்டு எம்பியாக வெட்டியிருக்கலாம். எனக்கு ஏன் தோன்றவில்லை? இப்போது மாற்றினால் வந்த ஒன்பதும் வீணாகும். போகிக்கு ஐந்து நாள்.

ஜனவரி 12, திங்கள்

பத்து முடிந்தது. சார் ஒன்றும் கேட்கவில்லை. சென்னை விலைப்பட்டியல் அவர் மேஜை மேல் மூடாமல் கிடக்கிறது.

ஜனவரி 14, புதன், போகி

பதினொன்று.

பன்னிரண்டு மணிக்கு சார் ஒரு பென்டிரைவை என் மேஜையில் வைத்தார். "நாப்பது வந்துடுச்சு, பெரிய விசயம்தான். இந்த ஒண்ண நேர்ல ஏத்திட்டு வந்துடு." கோபமாகச் சொல்லவில்லை. ஒன்றுக்காகப் பென்டிரைவ் எடுத்தால் அடுத்த வருஷம் பத்துக்கு, அப்புறம் எல்லாவற்றுக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வருகிறேன் என்று சொல்ல அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

"எதுக்கு வர?"

"அப்டேட்ட நேர்ல ஏத்திட்டுப் போயிடறேன்க்கா. இன்னிக்குதான் கடைசி நாளு."

"வராத. பன்னண்டாம் பந்தி உக்காந்தாச்சு. இருவத்திரெண்டு எல போட்டாச்சு. சாப்புடுறவங்கள எழுப்பிட்டு நீ வந்து பரிமாறப் போறியா? வந்துடும். அதான் எழுதி இருக்குது இல்ல?"

ஒன்பது முறை ஒயரைப் பிடுங்கியவர் என்னைப் பொறுக்கச் சொல்கிறார். சார் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பென்டிரைவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழம பாக்கலாம். பொங்கலுக்கு ஊட்டுக்குப் போங்க எல்லாரும்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இன்றைக்கும் அக்கா சாயங்காலம் பூட்டிவிடுவார். நாளைக்கும் மறுநாளும் மண்டபமே திறக்காது. பன்னிரண்டாம் பந்தி எப்படி முடியும்?

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. சரி, பொங்கல் வேலை. பதினொரு மணிக்கு மறுபடி. எடுக்கவில்லை. என் மேல் கோபமா? நேற்று நான் பென்டிரைவ் என்றதும் நம்பிக்கையில்லை என்று நினைத்துக்கொண்டாரா? மதியம் மறுபடி. மொத்தம் ஆறு முறை. அம்மா, "அந்தப் பொம்பளைய பொங்கலயாவது நிம்மதியா துன்ன வுடுடி" என்றாள்.

ஜனவரி 16, வெள்ளி

மனசு கேட்காமல் லேப்டாப்பைத் திறந்தேன்.

நாற்பத்தொன்று.

கீழ்பென்னாத்தூர், பன்னிரண்டு பந்தியும் முடிந்தது, நேற்று மாலை 4.10. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பொங்கலன்று, பூட்டிய மண்டபத்தில், எப்படி?

ஜனவரி 19, திங்கள்

சார் பட்டியலை வாங்கி, நாற்பத்தொன்றாம் வரிசைக்கு நேரே டிக் அடித்தார். தேதி இருக்கும் இடத்தில் 14 என்று எழுதினார். பதினைந்து சார் என்றேன். "இந்த வருசம் போகி கொஞ்சம் லேட்டா முடிஞ்சுதுன்னு வெச்சுக்க" என்றார். மேஜை மேல் விலைப்பட்டியலைக் காணோம்.

பதினொரு மணிக்கு உண்ணாமலை அக்கா போன்.

"நேத்து சாயங்காலம்தாம்மா போனே கைக்கு வந்துச்சு."

"ஏன்க்கா, தொலஞ்சு போச்சா?"

"எங்க தொலையும்? மண்டபத்து ஜன்னல்லதான் இருந்துச்சு. போகியன்னிக்கு மெசின அணைக்காம, போன சார்ஜர்ல போட்டு வுட்டுட்டுப் பூட்டிக்கினு வந்துட்டேன். எடுத்தாந்தா பந்தி பாதில நின்னுடும்னு நீதான எழுதி வெச்சிருக்க?"

நான்கு நாள். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் மூன்றும் போன் இல்லாமல்.

"எழுவது மிஸ்டு காலு கெடக்குது. அதுல ஆறு உன்னுது. மணி அடிக்கிறப்பல்லாம் நெட்டு நின்னுடும் இல்ல? நீ சும்மா இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கும்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அப்புறம் பேசலாம், ஆவணிக்குத் தேதி கேட்டு ஒரு பார்ட்டி வந்து ஒக்காந்திருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.